அடுக்களையில் கேரளா

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல்
மூன்று மணிக்கு வந்து விழும் மாடியில்
எங்கள் கம்பெனி.
ஏழு வருஷம் அங்கே எனக்கு
ஒரே ஒரு புகாருக்குப் பதில் சொல்கிற வேலை.

களியக்காவிளைக்காரர்களின் போனை
எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர்
கேட்காமல் இழுத்துக்கொள்ளும்.
படுக்கையறையில் தமிழ்நாடு,
அடுக்களையில் கேரளா.
புட்டுக்குடத்தில் ஆவி வருமுன்
ரோமிங் ஏறிவிடும்.

படந்தாலுமூடு லில்லிபாய்க்கு
ரப்பர் ஷீட் வியாபாரம்.
மாதத்தில் இரண்டு தரம் கூப்பிடுவார்.
"கிணத்துல வெள்ளம் கோரப் போனேன் சாரே.
கேரளம் உங்களை வரவேற்கிறதுன்னு மெசேஜ்.
கிணறு எனக்க அப்பன் வெட்டினது.
ஆரு ஆரை வரவேற்கது?"

பின்னால் ரோலர் கிறுகிறுக்கும்.
ரோலர் நின்றுவிட்டால்
நிஜமாகவே கோபம் என்று அர்த்தம்.
பதினேழு ரூபாய், ஒரு தடவை முப்பத்திரண்டு,
மன்னிப்போடு சேர்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

பிறகு ஆணையத்திலிருந்து உத்தரவு வந்தது:
நாட்டுக்குள் எங்கே போனாலும்
ரோமிங் கட்டணம் கூடாது.
சென்னையில் இருந்தவர்கள் போன் கூட்டத்தில்
இதை ஒரு வாய்ப்பு என்றார்கள்.
எங்கள் மேலாளர் அனில்தாஸ்
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
"லேய், எல்லை போச்சு.
எல்லையில கெடச்ச பைசாவும் போச்சு" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான்.
திங்கள்கிழமை போன் அடிக்கவில்லை.
செவ்வாயும்.
புகார்ப் பேரேட்டில்
தேதி மட்டும் எழுதி வைத்தேன்.

எதிர்க் கடையில் புதுக் கம்பெனி
கோயில் கொடைபோல லைட் போட்டு
சிம்மைச் சும்மா கொடுத்தது.
பழைய நம்பரோடேயே அங்கே போகலாம்;
அதற்கும் ஓர் உத்தரவு இருந்தது.
என்னை மேசை மாற்றினார்கள்.
போகிறவர்களைக் கூப்பிட்டு
ஏன் என்று கேட்கிற மேசை.

முதல் பட்டியலில்
பதினாலாவது பெயர் லில்லிபாய்.

"நீங்களா சாரே" என்றார்.
ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.
சிக்னல் குறையா, பில் தப்பா,
யாராவது மரியாதை இல்லாமல் பேசினார்களா?

"ஒரு குறையும் இல்ல.
குறை இருந்தப்போ விட்டுப் போகத் தோணல.
உங்ககிட்ட நாலு சொல்லு சொன்னா
அன்னைக்கு வேலை ஓடும்.
இப்போ எங்கே நின்னாலும் ஒரே ரேட்டு.
எல்லா கம்பெனியும் ஒண்ணுன்னு ஆனப்பொறவு
பத்து ரூவா குறைஞ்ச எடத்துக்குப் போறதுதானே கணக்கு?"

என் முன்னால் அச்சடித்த தாள்.
வாடிக்கையாளர் விலையைச் சொன்னால்
மூன்றாம் பத்தியைப் படிக்கவும்.
படித்தேன்.
ஒரு மாதம் டேட்டா இலவசம் என்பது வரை
குறுக்கே பேசாமல் கேட்டார்.
"நான் போனா உங்க சம்பளத்துல பிடிப்பாங்களா?"
இல்லை என்றேன்.

பிடிப்பார்கள்.

"அப்போ அந்தக் கோடு என்னன்னு சொல்லுங்க.
மெசேஜ் எழுத்து பொடிசு,
கண்ணாடி அடுக்களையில கெடக்கு."
விதிப்படி நான் வாசிக்கக் கூடாது.
கே, கருங்கல்லுக்கு வருமே அது.
டி, தக்கலைக்கு வருவது.
ஏழு, இரண்டு, மறுபடி ஏழு.
நாலு நாள்தான் செல்லும், தள்ளிப் போடாதீர்கள்.

ரோலர் நின்றது.
ஒரு நிமிஷம் பயந்துபோனேன்.
"எழுதுறேன் சாரே. பேனா இல்ல.
ஷீட்டு ஈரமாத்தான் இருக்கு,
நகம் வச்சாப் பதியும்."

பதினைந்தாவது ஆள் கொல்லங்கோடு.
எடுத்த உடனே திட்டத் தொடங்கினார்,
கம்பெனியை, என்னை,
என்னை வேலைக்கு வைத்தவனை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.